அழித்து எழுதிய விடைகள்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மழைக்காலத்தில், மாத்தளை ரயில் நிலையத்துக்குப் பின்பக்கமாக ஏறும் ஒழுங்கையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் இது நடந்தது. கேட்பவருக்கு இதில் பெரிய சம்பவம் எதுவும் தெரியாது. ஒரு பென்சில், ஒரு அழிறப்பர், இருபது கேள்விகள், அவ்வளவுதான். எனக்கு அது என் தலைக்கனத்தில் விழுந்த முதல் அடி, அதனால் எழுதுகிறேன்.

நானும் என் மனைவியும் அரசாங்க உத்தியோகத்தர்கள். நான் நாவுலயில் ஓர் அலுவலகத்தில், அவள் மாத்தளை நகரத்திலேயே. இருவரும் ஒரே தரம். அடுத்த தரத்துக்கு ஏற வேண்டுமென்றால் ஒரு போட்டிப் பரீட்சை எழுதித் தேற வேண்டும். நான் ஏற்கெனவே இரண்டு தடவை எழுதிக் கோட்டை விட்டவன். மூன்றாவது தடவைக்கு மேல் எழுத விடமாட்டார்கள், ஆக அந்த வருடம் எனக்குக் கடைசி. அவளுக்கு அதுதான் முதல் தடவை.

மகளுக்கு அப்போது நான்கு வயது. இரண்டு பேரும் வகுப்புக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது? அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். சனிக்கிழமைகளில் நான் கண்டிக்குப் போய் வகுப்பில் இருந்துவிட்டு வருவேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே படித்ததை அவளுக்குச் சொல்லிக் கொடுப்பேன். அதன் பிறகு வகுப்பில் கொடுத்த இருபது கேள்விப் பேப்பரை இருவரும் நேரம் வைத்து எழுதுவோம். நான் சொல்லிக் கொடுக்கிற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சுவரில் கலண்டரைத் திருப்பி மாட்டி, அதன் வெள்ளைப் பக்கத்தில் எழுதி, "வெளங்குதா? வெளங்குதா?" என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்பேன். அவள் தலையை ஆட்டுவாள்.

நான் பேனாவால் எழுதுவேன். அவள் பென்சிலால். எனக்குச் சந்தேகமே வராது என்பதால் பேனா. நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதே என் பேப்பரை அவள் பக்கம் தள்ளிவிட்டு, மீன் வாங்க டவுனுக்கு இறங்கிவிடுவேன். கடைசி நிமிடம் வரை உட்கார்ந்து யோசிப்பவர்களுக்கு மூளை மந்தம் என்பது அப்போதைய என் கொள்கை. நான் திரும்பி வருவதற்குள், விடைகளைப் பார்த்து என் பேப்பரை அவள் திருத்தி வைத்திருப்பாள். அவளுடையதை நான் சிவப்புப் பேனாவால் திருத்துவேன். இருவருடைய புள்ளிகளையும் ஒரு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வைப்பேன். எனக்குப் பதினான்கு என்றால் அவளுக்குப் பதின்மூன்று. எனக்குப் பதினாறு என்றால் அவளுக்குப் பதினைந்து, சில நாள் பதினான்கு. "பரவாயில்ல, முன்னேற்றம் இருக்கு" என்று தட்டிக் கொடுப்பேன். நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.

அந்தப் பேப்பர்களில் எனக்குத் தண்ணீர் காட்டிய ஒரு வகைக் கேள்வி உண்டு. இரண்டு தகவல்களைக் கொடுப்பார்கள். இரண்டும் ஒன்றோடொன்று மோதுகிற மாதிரி இருக்கும். கீழே ஐந்து விடைகள். "மேலே தோன்றும் முரண்பாட்டை இவற்றுள் எது மிகச் சிறப்பாக விளக்குகிறது?" என்று கேட்பார்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு கிராமத்துக்கு நாளுக்கு இரண்டு பஸ்தான் ஓடியது. இன்னும் இரண்டு சேர்த்து நான்காக்கினார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பஸ்ஸிலும் நெரிசல் முன்பைவிடக் கூடிவிட்டது. இது எப்படி?

நான் தெரிவு செய்த விடை, "புதிய பஸ்கள் ஒழுங்காக ஓடவில்லை" என்பது. அரசாங்க உத்தியோகத்தில் பதினொரு வருட அனுபவம் எனக்கு. பஸ் விட்டோம் என்று பேப்பரில் போடுவார்கள், ரோட்டில் வராது. ஆனால் விடைத்தாள் நான்காவதைச் சரி என்றது. அவளும் அதைப் பிழையாகத்தான் எழுதியிருந்தாள்.

"இது விடைத்தாள்ல அச்சுப் பிழை" என்று தீர்ப்புச் சொன்னேன்.

"இருக்குங்க, இருக்கும்" என்றாள் அவள்.

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். எனக்கென்றே யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

அது ஒரு ஞாயிறு. அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை காலை நாவுல பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் எங்கள் அலுவலக நானா ஒருவர். முஸ்லிம் நண்பர், என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், எங்கள் ஒழுங்கைக்கு மேலேதான் வீடு. அவரும் அதே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். ஞாயிறு பேப்பரின் போட்டோக் கொப்பியை நான் அவருக்குக் கொடுத்திருந்தேன். திங்கட்கிழமை பின்னேரம் சந்தேகம் கேட்க என்னைத் தேடி வந்தாராம். நான் வீட்டில் இல்லை. அவருடைய மனைவியும் கூட வந்திருந்ததால் கொஞ்ச நேரம் இருந்திருக்கிறார்கள்.

"தம்பி, தங்கச்சி ஒங்கள விட நல்லா சொல்லித் தாராங்க. கோவிச்சுக்கப் படாது" என்று சிரித்தார். "அந்த பஸ் கேள்வி. ரெண்டு நாளா மண்டைய ஒடச்சிட்டு இருந்தேன். பத்து நிமிஷத்துல தெளிவாக்கிட்டாங்க. வில்கமுவ பக்கத்துல பஸ் கொறவுதானே, அதனால ஆளுங்க மோட்டார் சைக்கிள்லயும் டிரக்டர்லயும் போறாங்க, பஸ் அடிக்கடி வருதுன்னு நம்பிக்கை வந்தா அவங்க எல்லாரும் பஸ்ஸுக்கு மாறுவாங்க, ரெண்டு பஸ்ஸுக்கு உள்ள சனத்த விட கூட சனம் வந்து ஏறும், அப்ப நெரிசல் கூடத்தானே செய்யும் நானா, அப்படீன்னு கேட்டாங்க. அல்லாட காவல், எனக்குச் சிரிப்பு வந்திட்டு. அவ்வளவு லேசு."

அவள் விளக்கிக் கொடுத்த வேறு இரண்டு கேள்விகளையும் சொன்னார். அவையும் அவள் ஞாயிறன்று பிழை விட்ட கேள்விகள்.

நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். நாலந்தா தாண்டும்வரை எனக்கு நானே சமாதானம் சொன்னேன். நானா பெரிய மனிதர், முகத்துக்காகப் புகழ்கிறார் என்றேன். அது சரிவரவில்லை, அந்த விளக்கம் அவருடைய சொந்தச் சரக்கு இல்லை என்பது எனக்கே தெரிந்தது. அப்படியானால் நான் சொல்லிக் கொடுத்ததை வைத்துத்தான் அவள் பிறகு யோசித்துக் கண்டுபிடித்திருப்பாள் என்றேன். நான் அந்தக் கேள்விக்குச் சொல்லிக் கொடுத்தது என்ன? அச்சுப் பிழை என்பதுதான்!

அன்று பின்னேரம் நான் வீட்டுக்கு வந்தபோது அவளும் பிள்ளையும் இன்னும் வந்திருக்கவில்லை. மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பேப்பர் கட்டை எடுத்து ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தேன். சரிந்து விழுந்த வெளிச்சத்தில் பென்சில் அழுத்திய பள்ளம் தெரிந்தது. அழிறப்பர் கரியைத்தான் எடுத்திருந்தது, பள்ளத்தை எடுக்கவில்லை. பஸ் கேள்விக்கு அவள் முதலில் நான்காவது விடையைத்தான் கோடிட்டிருக்கிறாள். பிறகு அழித்துவிட்டு இரண்டாவதைப் போட்டிருக்கிறாள். அடுத்த பிழையைப் பார்த்தேன். அங்கேயும் சரியான விடையில் பள்ளம். போன வாரப் பேப்பர், அதற்கு முந்தின வாரம், எல்லாவற்றையும் கீழே பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். பதினொரு வாரப் பேப்பர்கள். அவள் விட்ட பிழைகளில் முக்கால்வாசி அழித்து எழுதியவை.

உடனே நான் என்ன நினைத்தேன் தெரியுமா? தன்னம்பிக்கை குறைவு, கடைசி நேரத்தில் மனம் மாறுகிறாள், இன்றைக்கு ஒரு நல்ல புத்திமதி சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அந்த அளவுக்கு ஆள்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திருப்பியதும்தான் வாயடைத்தது. ஒரு ஞாயிறு எனக்குக் கடும் காய்ச்சல். எழுத்தே இரண்டாகத் தெரிந்தது. அன்று எனக்கு ஒன்பது. அதற்குப் பக்கத்தில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன், அவளுக்கு எட்டு. காய்ச்சல் எனக்கு. அவளுக்கு ஏன் புள்ளி குறைய வேண்டும்?

நான் மீன் வாங்கப் போகிற நேரத்தில் அவள் முதலில் என் பேப்பரைத் திருத்தியிருக்கிறாள். என் புள்ளி எவ்வளவு என்று பார்த்திருக்கிறாள். பிறகு தன் பேப்பரை எடுத்து, என்னை மிஞ்சாத அளவுக்கு அழித்திருக்கிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. தின்றவன் நான், பூசணிக்காய் தெரியவேயில்லை.

அவள் வந்தாள். பிள்ளையின் பையைத் தோளிலிருந்து இறக்கும் முன்பே பேப்பரை நீட்டினேன்.

"இதென்னா?"

அவள் பேப்பரைப் பார்த்தாள். "அழிச்சிருக்கேன்."

"அது தெரியுது. சரியானத அழிச்சிட்டு பிழையானதப் போட்டிருக்க. எதுக்கு?"

"சந்தேகம் வந்திச்சு."

"எனக்கு ஒம்பது வந்தா, ஒனக்கு எட்டுக்கு மேல எல்லாம் சந்தேகமா வருமா?"

"பிள்ளைக்குப் பசிக்குதுங்க" என்று குசினிக்குள் போனாள்.

பின்னாலேயே போனேன். வெட்கம் முதலில் கோபமாகத்தான் வருகிறது. "என்னைய சின்னப்பிள்ள மாதிரி ஏமாத்திக்கிட்டு இருந்தியா?" என்று கத்தினேன். மகள் கதவோரத்தில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளைத் தூக்கி முன்னறையில் விட்டுவிட்டு வந்து, மனைவி என்னை நேராகப் பார்த்துப் பேசினாள். எங்கள் ஆறு வருட வாழ்க்கையில் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"போன தடவ ரிசல்ட் வந்தப்ப மூணு நாளு சொல்லாம இருந்தீங்க. இன்னும் வரல, இன்னும் வரலன்னு சொல்லிக்கிட்டு, தெனமும் கேக் வாங்கிக்கிட்டு வந்தீங்க. எனக்கு மொத நாளே தெரியும். எங்க ஓபிஸ்ல எல்லாரும் பாத்துட்டாங்க. நீங்களா சொல்ற வரைக்கும் அந்தக் கேக்கத் தின்னுக்கிட்டு இருந்தேன்."

அவள் நிறுத்தவில்லை.

"அப்புறம் அந்தக் கலியாண வீடு. ஒங்க கூட வேல செய்றவரோட பொஞ்சாதி பாஸ் பண்ணி, அவரு பெயிலானாருல்ல? 'இனி அவரு பொஞ்சாதிக்கு பைல் தூக்கிக்கிட்டு பின்னாலயே போக வேண்டியதுதான்'ன்னு நீங்கதான் சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சீங்க. நான் ஒங்க பக்கத்துலதானே இருந்தேன். சோடா கிளாஸ வாய் வரைக்கும் கொண்டு போயிட்டு, குடிக்காம கீழ வச்சிட்டீங்க."

அந்தச் சிரிப்பு எனக்கு ஞாபகம் இருந்தது. கிளாஸைக் கீழே வைத்தது எனக்கே தெரியாது.

"நீங்க பாஸ் பண்ணணுங்க. இது ஒங்களுக்குக் கடைசி. எனக்கு இன்னும் ரெண்டு தடவ இருக்கு" என்றாள்.

பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. "பரீட்சையிலயும் இப்பிடித்தான் எழுதப் போறியா?" என்று கேட்டேன்.

அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டேயிருந்தாள்.

நான் முன்னறைக்கு வந்து பரப்பிக் கிடந்த பேப்பர்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். மகள் வந்து, "அப்பா, பெயிலா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அடுத்த ஞாயிறு கலண்டரை அவள் கையில் கொடுத்து, "நீ சொல்லித் தா" என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவேயில்லை. வேலை இருக்கிறது என்றாள், துணி ஊறுகிறது என்றாள். நான் பென்சிலை எடுத்துக்கொண்டு அவளுடைய கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் வந்து நின்றாள். முதலில் சுவரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"கேள்வியில சொல்லியிருக்கிற ரெண்டுல ஒன்ன நீங்க பொய்யாக்கிப்புடுறீங்க. பஸ் விட்டதும் நெசம், நெரிசல் கூடினதும் நெசம். ரெண்டையும் தொடக்கூடாது. ரெண்டுக்கும் நடுவுல அவங்க நமக்குச் சொல்லாத ஒன்னு இருக்கும். அத மட்டும் தேடுங்க."

இரண்டு வருடமாகக் காசு கட்டி வகுப்புக்குப் போய்க் கிடைக்காதது அன்று கிடைத்தது. எனக்குப் பிடிக்காததைப் பொய் என்று தள்ளிவிடுவது கேள்விப் பேப்பரில் மட்டும் இருந்த பழக்கம் இல்லை என்பதும் புரிந்தது. அவள் கெட்டிக்காரி என்பதற்கு எத்தனையோ சாட்சி ஆறு வருடமாக என் கண்முன் இருந்தும், ஒவ்வொன்றையும் தள்ளிவிட்டு வந்திருக்கிறேன்.

அன்று முதல் நான் அவளிடம் படித்தேன். நானாவும் மனைவியோடு வந்து உட்கார்ந்தார். அவளுக்குப் பதினெட்டு, பத்தொன்பது என்று வந்தது. எனக்கும் கொஞ்சம் ஏறியது. ஆனால் உண்மையான பரீட்சை மண்டபத்தில் அவள் என்ன செய்வாள்? அங்கே நான் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க முடியாது. பிள்ளை மேல் சத்தியம் பண்ணச் சொன்னேன். "பிள்ள மேல எல்லாம் சத்தியம் பண்ண மாட்டேன்" என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள்.

பரீட்சையன்று காலை, மகளை நானா வீட்டில் விட்டுவிட்டு இருவரும் த்ரீவீலில் போனோம். பாடசாலை வாசலில் இறங்கியதும் அவளிடம் சொன்னேன்.

"நீ பாஸ் பண்ணி நான் பெயிலானா தாங்குவேனான்னு எனக்கே தெரியாது. பொய் சொல்ல விருப்பமில்ல. ஆனா நீ வேணும்னே விட்டேன்னா, அது எனக்குக் கட்டாயம் தெரிய வரும். அத நான் தாங்க மாட்டேன்."

அவள் என் சட்டைக் கொலரைச் சரிசெய்துவிட்டு, தன் மண்டபத்துக்குப் போனாள்.

முதல் பேப்பர் முடிந்து வெளியே வந்தோம். ஐந்து கேள்விகளில் நான் குத்துமதிப்பாகக் கோடு போட்டிருந்தேன். அவள் மாமர நிழலில் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். எப்படி என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினாள். பிறகு, "லேசா இருந்திச்சுங்க" என்றாள். கலியாணம் கட்டிய நாள் முதல், எனக்குக் கஷ்டமான ஒன்றைத் தனக்கு லேசு என்று அவள் என்னிடம் சொன்னது அன்றுதான். எனக்கு வந்த சந்தோஷத்தில் அவளுடைய முட்டைப் பொரியலையும் சேர்த்துத் தின்றுவிட்டேன்.

பல மாதம் கழித்துப் பெறுபேறு வந்தது. போனில் என் பரீட்சைச் சுட்டெண்ணைத்தான் முதலில் போட்டோம். தேறவில்லை. "என்னோடத அப்புறம் பாப்போம்" என்று போனைப் பிடுங்கப் பார்த்தாள். அவளுடைய எண் எனக்கு மனப்பாடம். போட்டேன். தேறியிருந்தாள், மாவட்டத்திலேயே நல்ல இடத்தில். நானாவும் தேறியிருந்தார். அவளிடம் படித்த இரண்டு பேரில் ஒருவர் பாஸ்.

போன் திரை என் கையில் வெளிச்சமாக இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள். வலித்ததா என்றால், வலித்தது. அடிவயிற்றிலிருந்து வலித்தது. அதே நேரத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கை முழுக்கக் கத்த வேண்டும் போலவும் இருந்தது. "வலிக்குது. ஆனா சந்தோஷம்டி" என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவள் திரையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

முதல் நியமனம் வில்கமுவவில். திங்கட்கிழமை விடிய முதல் பஸ்ஸில் போனால் வெள்ளிக்கிழமைதான் வருவாள். மகளுக்குச் சடை பின்ன நான் பழகிக்கொண்டேன், வகிடு மட்டும் இன்னும் நேராக வருவதில்லை. சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில், "என்னா, பொஞ்சாதி ஒங்கள விடப் பெரிய உத்தியோகமாம்?" என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. ஆமாம், என்னைவிடக் கெட்டிக்காரி என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் போட்டுத் தின்கிறேன். அப்படிச் சொல்வது நினைத்த அளவுக்குக் கஷ்டமில்லை.

ஆனாலும் இன்றுவரை ஒன்று மட்டும் என்னை விடவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து, நான் ஏதாவது கேட்டு, "எனக்குத் தெரியாதுங்க" என்று அவள் சொல்லும்போதெல்லாம், உண்மையிலேயே தெரியாதா, இல்லை எனக்காகத் தெரியாதா என்று ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.